பெலேம் நடைச்சுற்றுலா: 1498இல் நின்றுவிடும் கதை

லிஸ்பன் நகரின் மேற்கே, தேஜோ ஆறு கடலை நோக்கி விரிகிற இடத்தில் பெலேம் என்னும் பகுதி இருக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497 ஜூலை 8ஆம் நாள் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். ஜெரோனிமோஸ் மடாலயத்தையும் ஆற்றங்கரையிலுள்ள கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னத்தையும் பெலேம் கோபுரத்தையும் ஒரே முற்பகலில் நடத்திக் காட்டும் சுற்றுலாக்களைப் பல நிறுவனங்கள் அங்கே விற்கின்றன. அவற்றுள் ஒன்றில் பணம் கட்டிச் சென்றுவந்து எழுதும் மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் குறையாகக் காண்பது அந்தக் கரையில் பொதுவாக விற்கப்படும் கதையின் குறை என்பதால், ஒரு பெயரைச் சொல்லி அதன்மேல் மட்டும் பழியைப் போடுவது முறையாகாது. ஏற்பாடுகளில் இந்தச் சுற்றுலா தேர்ச்சி பெறுகிறது. கடலோடும் கலையை விளக்குவதில் சிறந்து நிற்கிறது. ஆனால் தன் நாயகனைக் காப்பாற்றுவதற்காகக் கதையைச் சரியாக 1498இல் நிறுத்திவிடுகிறது. அதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த நாயகன் மிஞ்சியிருப்பானா என்பதுதான் நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் என் மனத்தில் ஓடிய கேள்வி.

முதலில் ஏற்பாடுகளைச் சொல்லிவிடலாம். நகர மையத்திலுள்ள பிகேரா சதுக்கத்திலிருந்து 15ஆம் எண் டிராம் மடாலயத்தின் வாசலருகே கொண்டுவந்து விடுகிறது. சந்திக்க வேண்டிய இடத்தை நிறுவனம் முந்தின நாளே தெளிவாகத் தெரிவித்திருந்தது. குழு சிறியது; ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவி தரப்பட்டதால், கூட்டத்திலும் ஆற்றங்கரைக் காற்றிலும் வழிகாட்டியின் ஆங்கிலம் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. சுற்றுலா ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கிறது. வழியில் உட்கார இடமுள்ள நிழல்களை அறிந்து நிறுத்தினார்கள், முதியவர்களுக்காக நடையைக் குறைத்துக்கொண்டார்கள், நினைவுச்சின்னத்தின் மேலே செல்லும் மின்தூக்கிக்கான கட்டணமும் தொகைக்குள் அடங்கியிருந்தது. இவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை.

மடாலயத்தின் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்புறத்தில் காமாவின் கல்லறைப் பேழை தெரிகிறது. எதிர்ப்புறத்தில் அவருடைய பயணத்தைக் காவியமாகப் பாடிய கமோயிஷ் என்னும் கவிஞருக்கான பேழை. வழிகாட்டி இங்கே நிதானமாகப் பேசினார். மன்னர் மானுவேல் தொடங்கிய இந்தக் கட்டடத்துக்குப் பணம் வந்தது, ஆப்பிரிக்க, கிழக்குலக வணிகத்தின் மீது விதிக்கப்பட்ட இருபதில் ஒரு பங்கு வரியிலிருந்து என்று சொன்னார். தூண்களில் கயிற்று முறுக்குகளும் பவளமும் கடற்பாசியும் செதுக்கப்பட்டிருப்பதை விரல் நீட்டிக் காட்டினார். பலிபீடத்தின் பக்கத்தில் அரசர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் தாங்கி நிற்கின்றன. யானையை அன்றாடம் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஐரோப்பிய மன்னனின் சவப்பெட்டிக்கு அடியில் அதைக் காணும்போது ஏற்படும் உணர்ச்சி எளிதில் விளக்கக்கூடியதன்று. இந்த ஆலயத்தின் கல் ஒவ்வொன்றிலும் நம் கடற்கரைச் சரக்கின் விலை கலந்திருக்கிறது என்பதை அந்த யானைகள் வழிகாட்டியைவிட வெளிப்படையாகவே சொல்கின்றன.

காமா இறந்தது இந்த ஊரில் அல்ல. 1524இல் போர்ச்சுகீசிய இந்தியாவின் வைஸ்ராயாக, இந்தியாவுக்கு மூன்றாம் முறை வந்தவர், சில மாதங்களுக்குள் அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் இறந்தார். இன்று புனித பிரான்சிஸ் ஆலயம் என்று வழங்கும் இடத்தில் புதைக்கப்பட்டு, 1539இல் எலும்புகள் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டன. கோட்டைக் கொச்சிக்குப் போனவர்கள் அந்த வெறும் கல்லறையைத் தரையில் பார்த்திருப்பார்கள். இப்போது பெலேமிலிருக்கும் அலங்காரப் பேழை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அதாவது, தேசிய நாயகன் என்ற உருவத்துக்கு இந்தப் பளிங்கு மாளிகையில் இடம் கொடுக்கப்பட்டது அவர் இறந்து மூன்றரை நூற்றாண்டுகள் கழித்துத்தான். நாயகர்கள் பிறப்பதைவிடப் பிற்காலத் தேவைக்காக ஆக்கப்படுவதே மிகுதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்த ஆலயத்தில் இல்லை. ஆனால் வழிகாட்டி இந்த ஆண்டுக்கணக்கை ஒரே வரியில் கடந்துபோனார்.

கடற்பயணத்தைப் பற்றிய பகுதியே இந்தச் சுற்றுலாவின் உச்சம். மடாலயத்துக்கு வெளியே புல்வெளியில் அமர வைத்து, பையிலிருந்து பித்தளையால் செய்த ஒரு நட்சத்திர உயரமானியின் மாதிரியை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் எந்த அகலாங்கில் இருக்கிறது என்று கணிப்பது எப்படி என்பதை ஒவ்வொருவரும் செய்து பார்த்தோம். ஆடுகிற கப்பல் தளத்தில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது, ஆடாத தரையில் நின்றபோதே புரிந்தது. பிறகு வரைபடத்தை விரித்து, காமாவின் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிச் செல்லாமல் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வில்லாக வளைந்து சென்றதன் காரணத்தை விளக்கினார்கள். கரையோரத்தில் காற்றும் நீரோட்டமும் எதிராக இருந்தன. கரையை விட்டு விலகித் தென்மேற்கே போனால் சாதகமான காற்று கிடைக்கும் என்பது முந்தைய தலைமுறை மாலுமிகள் கற்றுக்கொடுத்த பாடம். அப்படிச் சென்றதில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அவர்கள் நிலத்தையே பார்க்கவில்லை. கொலம்பஸ் 1492இல் கேனரித் தீவுகளிலிருந்து கரையைக் காண்பதற்கு எடுத்துக்கொண்டது ஐந்து வாரங்கள்தான் என்பதோடு இதை ஒப்பிட்டால், கடலோடும் திறமை என்ற அளவில் எது பெரிய செயல் என்பது விளங்கும்.

அந்தப் பயணத்தின் விலையையும் மறைக்காமல் சொன்னார்கள். புறப்பட்ட ஏறக்குறைய 170 பேரில் ஊர் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. ஈறுகள் வீங்கிப் பல் மறைந்து, கை கால் பருத்து மாண்டுபோகும் ஸ்கர்வி நோய்க்குக் காரணம் காய்கனி இல்லாத உணவு என்பது அன்று யாருக்கும் தெரியாது. திரும்பும் வழியில் ஆள் பற்றாக்குறையால் சாவோ ரஃபாயேல் என்ற கப்பலைத் தாங்களே கொளுத்த வேண்டியிருந்தது. காமாவின் அண்ணன் பவுலோ, வீடு வந்து சேரும் தறுவாயில் அசோர்ஸ் தீவுகளில் இறந்தார். இவற்றைக் கேட்கும்போது அந்த மனிதர்கள் மீது மரியாதை ஏற்படுவது இயல்பு, எனக்கும் ஏற்பட்டது. பெயர் தெரியாத அந்த மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைத் தொடும் இடத்திலிருந்துதான் கதை வழுக்கத் தொடங்குகிறது. மாலிந்தி என்னும் துறைமுகத்தில் அந்நாட்டு மன்னர் ஒரு வழிகாட்டி மாலுமியைக் கொடுத்தார். அவர் குஜராத்தைச் சேர்ந்தவர் என்று போர்ச்சுகீசியக் குறிப்புகளே சொல்கின்றன. 1498 ஏப்ரல் இறுதியில் அங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள், தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்றரை வாரங்களுக்குள் மலபார்க் கரையைக் கண்டு, மே 20ஆம் நாள் கோழிக்கோட்டின் அருகே நங்கூரமிட்டன. அதே கடலை, பருவத்தைப் பற்றிய அறிவுரை எதையும் பொருட்படுத்தாமல் தாங்களே கடந்து திரும்பியபோது மூன்று மாதங்கள் ஆயின. அந்த ஒரு கடப்பிலேயே முப்பது பேர் இறந்தார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அந்தக் கடலைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது என்பது தெரிந்துவிடும். அரபிகளும் குஜராத்திகளும் மலபார் மரைக்காயர்களும் பல தலைமுறைகளாகப் போய்வந்த பாதை அது. காமாவுக்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் முன்பே செங் ஹே என்ற சீனத் தளபதி மிகப் பெரிய கப்பற்படையோடு கோழிக்கோட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். அவர் இலங்கையின் காலியில் நிறுவிய, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. வழிகாட்டியோ மாலிந்தி மாலுமியை “உள்ளூர் உதவி” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு, “கிழக்கின் கதவு திறந்தது” என்று கையை விரித்தார். அந்தக் கதவு அதற்கு முன்பே திறந்துதான் இருந்தது. தட்டாமல் நுழைய விரும்பிய ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார் என்பதே உண்மை.

கோழிக்கோட்டு அரண்மனைக் காட்சியை அவர்கள் நகைச்சுவையாகச் சொன்னது நன்றாக இருந்தது. சாமூதிரி மன்னருக்குக் காமா எடுத்துச்சென்ற பரிசுகள் கோடு போட்ட துணிகள், தொப்பிகள், பவளச் சரங்கள், கை கழுவும் கிண்ணங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவை. அவற்றைப் பார்த்த அரண்மனை அதிகாரிகள் சிரித்தார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட நன்றாகக் கொண்டுவருவான் என்றார்கள். அந்தப் பயணத்தின் நாட்குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. இந்து ஆலயம் ஒன்றை மாதா கோயில் என்று எண்ணி அவர்கள் வணங்கியதையும் சேர்த்துச் சொன்னார்கள். குழுவினர் வாய்விட்டுச் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் அலை அடங்குவதற்குள், “1499இல் அவர் ஊர் திரும்பினார், லிஸ்பன் ஐரோப்பாவின் மிளகுச் சந்தையாயிற்று” என்று முடித்து நடையைத் தொடங்கிவிட்டார்கள். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, பழைய வழக்கைப் பற்றிக் கேட்கும் முன்பே தாம்பூலத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் தரகரின் சாமர்த்தியம் அதில் இருந்தது.

மறைக்கப்பட்ட அந்தப் பழைய வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். 1500இல் காப்ரால் தலைமையில் வந்த அடுத்த கப்பற்படைக்கும் கோழிக்கோட்டு வணிகர்களுக்கும் மோதல் ஏற்பட்டு, போர்ச்சுகீசியர்களின் பண்டகசாலை தாக்கப்பட்டது. அங்கிருந்த பலர் கொல்லப்பட்டார்கள். காப்ரால் பதிலுக்குக் கப்பல்களை எரித்து நகரின் மீது பீரங்கியால் சுட்டுவிட்டுப் போனார். 1502இல் இரண்டாம் முறை வந்த காமா, பண்டகசாலைத் தாக்குதலுக்குப் பழிவாங்கும் எண்ணத்தோடுதான் வந்தார். கண்ணூர்க் கரைக்கு அருகே, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை அவர் மறித்தார். அதிலிருந்த பயணிகள் போரிடாமல் பணிந்தார்கள். செல்வந்தர்கள் தங்கள் உயிருக்கு ஈடாகப் பெருந்தொகையும் கப்பல் கொள்ளுமளவு சரக்கும் தருவதாகச் சொன்னார்கள். சரக்கையும் பணத்தையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொண்ட பிறகு, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சில நூறு பேர் உள்ளே இருக்க, கப்பலுக்குத் தீ வைக்கும்படி காமா கட்டளையிட்டார். அவர்கள் தீயை அணைத்தார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு போராடினார்கள். பெண்கள் தங்கள் நகைகளைக் காட்டி, குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டார்கள். நாள் கணக்கில் நீடித்த அந்தக் கொடுமை கப்பல் அழிந்த பிறகே முடிந்தது. மதம் மாற்றுவதற்காகச் சில குழந்தைகள் மட்டும் தனியே எடுக்கப்பட்டார்கள். சில வாரங்கள் கழித்துக் கோழிக்கோட்டின் முன்னே, பிடிபட்ட மீனவர்களையும் சிறு வியாபாரிகளையும் கப்பலின் குறுக்குமரங்களில் தூக்கிலிட்டு, அவர்களுடைய கை, கால், தலைகளை வெட்டிப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பியதும் இதே பயணத்தில்தான்.

இவை எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல. மீரியின் எரிப்பை விரிவாக எழுதிவைத்தவர் தொமே லோப்பஷ் என்பவர். காமாவின் கப்பற்படையிலேயே எழுத்தராக இருந்தவர். தம் வாழ்நாள் முழுவதும் அந்த நாளை மறக்க முடியாது என்று அவரே பதிந்திருக்கிறார்.

நினைவுச்சின்னத்தை நோக்கி நடக்கும்போது வழிகாட்டியிடம் 1502ஐப் பற்றித் தனியே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்றும், குடும்பத்தோடு வருபவர்கள் இத்தகைய செய்திகளை விரும்புவதில்லை என்றும், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்பதால் இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கக் கூடாது என்றும் மரியாதையாகச் சொன்னார். முதல் இரண்டையும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் நடைமுறைச் சங்கடம் என்று ஏற்றுக்கொள்ளலாம். மூன்றாவதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தின் அளவுகோல் என்று எதைச் சொல்கிறோம்? மீரி எரிவதைப் பார்த்து மனம் நடுங்கிய லோப்பஷ் அந்தக் காலத்து மனிதர்தான். கப்பலின் பக்கவாட்டில் குழந்தையைத் தூக்கிக் காட்டிய தாயும் அந்தக் காலத்தவள்தான். அதே நூற்றாண்டில் மலபாரில் வாழ்ந்த சைனுத்தீன் மக்தூம், போர்ச்சுகீசியர்கள் யாத்திரிகர்களுக்கும் வணிகர்களுக்கும் செய்த கொடுமைகளை அரபு மொழியில் நூலாகவே எழுதிவைத்தார். போர்ச்சுகலுக்குள்ளேயே, 1572இல் அச்சான கமோயிஷின் காவியத்தில், காமாவின் கப்பல்கள் புறப்படும் வேளையில் பெலேம் கரையில் நின்று ஒரு முதியவர் பேசும் பகுதி இருக்கிறது. புகழ், பெருமை என்ற பெயரில் இந்தப் பேராசை எத்தனை உயிரைக் குடிக்கப்போகிறது என்று அந்த முதியவர் சபிக்கிறார். காமாவைப் புகழ்வதற்காகவே எழுதப்பட்ட காவியத்தில் அந்தக் குரலுக்கு இடம் கொடுத்த கவிஞருடைய பேழைதான் காமாவின் பேழைக்கு எதிரே இருக்கிறது. அந்தக் குரல் எழுந்ததாகப் பாடப்பட்ட கரையிலேயே நடந்துகொண்டு, அதை ஒருமுறையாவது குறிப்பிடாமல் ஒரு சுற்றுலா முடிவது இலக்கிய அளவிலும் பெரிய இழப்பு.

கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் ஆற்றுக்குள் பாயத் தயாராக இருக்கும் கப்பலைப் போல் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. முனையில், கடற்பயணங்களை ஊக்குவித்த போர்ச்சுகல் இளவரசர் என்ரிக்கே (ஹென்றி). அவருக்குப் பின்னால் இரு பக்கமும் ஏறிவரும் 32 உருவங்கள். அந்த 33 பேரில் ஒருவர் மட்டுமே பெண், என்ரிக்கேயின் தாய் பிலிப்பா. மின்தூக்கியில் மேலே ஏறினால் மடாலயமும் ஆறும் செந்நிறத் தொங்கு பாலமும் ஒரே பார்வையில் விரிகின்றன. காட்சிக்காக மட்டுமே ஏறலாம். ஆனால் கீழே நின்று அந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் நேரத்தை இந்தச் சுற்றுலா தருவதில்லை. தமிழர்கள் கட்டாயம் அதைச் செய்ய வேண்டும். கிழக்குப் பக்கத்து வரிசையில் புனித பிரான்சிஸ் சவேரியார் மண்டியிட்டிருக்கிறார். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே தங்கிப் பணி செய்தவர். அதே வரிசையில் மார்த்திம் அபோன்சு டி சோசா இருக்கிறார். 1538இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில், கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்து முத்துக்குளித்துறையைப் போர்ச்சுகீசியர் பிடிக்குள் கொண்டுவந்தவர். மறுபக்கத்தில் சூராரா என்ற வரலாற்றாசிரியர். 1444இல் போர்ச்சுகலின் லாகோஸ் நகரில் 235 ஆப்பிரிக்கர்களைக் கரையிறக்கிப் பங்கு பிரித்ததையும், தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தபோது எழுந்த அழுகையையும், தம் கண்ணிலும் நீர் வந்ததையும் எழுதிவைத்தவர் அவர்தான். தமக்குரிய ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளைப் பெறுவதற்காக அன்று குதிரைமீது அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த நினைவுச்சின்னத்தின் முனையில் கப்பலேந்தி நிற்கும் அதே என்ரிக்கே. சாட்சி சொன்னவரையும் குற்றத்தால் பயன்பெற்றவரையும் ஒரே கல்லில் வடித்திருக்கிறார்கள்; வழிகாட்டிகள் வாய் திறந்தால் அந்தக் கல்லே போதுமான பாடம்.

அந்தச் சின்னம் எப்போது எழுந்தது என்பதும் நாயகர் வழிபாட்டைப் புரிந்துகொள்ள உதவும். சலசார் சர்வாதிகாரத்தின்போது, 1940இல் நடந்த போர்ச்சுகீசிய உலகக் கண்காட்சிக்காக நிலைக்காத பொருட்களால் அது முதலில் கட்டப்பட்டது. பிறகு 1960இல், என்ரிக்கே இறந்து 500 ஆண்டுகள் ஆனதை ஒட்டிக் கான்கிரீட்டிலும் கல்லிலும் நிலையாக எழுப்பப்பட்டது. அப்போது கோவாவும் அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்ச்சுகலின் கையில் இருந்தன. அடுத்த ஆண்டே அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கியது. டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. சின்னத்தின் முன்னே தரையில் பதித்திருக்கும் 50 மீட்டர் அகலத் திசைகாட்டிப் பளிங்கு, 1960இல் தென்னாப்பிரிக்க அரசு கொடுத்த அன்பளிப்பு. நிறவெறி அரசு ஷார்ப்வில்லில் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்ற ஆண்டு அது. கைநழுவிக்கொண்டிருந்த குடியேற்ற நாடுகளை நியாயப்படுத்தவே பழைய மாலுமிகள் அங்கே கல்லாக்கப்பட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டுகளே போதும். எங்கள் குழுவுக்குச் சொல்லப்பட்டது கட்டடக் கலைஞரின் பெயரும் உயரமும் மட்டும். அதன் பிறகு, பளிங்கில் பதித்த உலக வரைபடத்தில் இந்தியாவின் மேல் நின்று படமெடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நானும் நின்றேன், படமும் நன்றாகவே வந்தது.

இத்தகைய மாலுமிகளை முற்றிலும் மறந்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. மறப்பதற்கும் கொண்டாடுவதற்கும் நடுவே அகலமான இடம் இருக்கிறது. பார்த்தலமேயு டியாஷ் 1488இல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதையும், டியாஷுக்கும் காமாவுக்கும் கப்பல் ஓட்டிய பேரு டி அலென்கேர் என்ற மாலுமியின் தேர்ச்சியையும், பெத்ரு நூனிஷின் கணிதத்தையும் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. அவர்களுடைய உருவங்களும் அதே சின்னத்தில்தான் இருக்கின்றன. ஒருவருடைய திறமையை வியப்பது ஒன்று, அவரை நாட்டுக்கே முன்மாதிரி என்று பீடத்தில் நிறுத்துவது வேறொன்று. காமாவின் முதல் பயணம் வியப்புக்குரியது. இரண்டாம் பயணத்தை நடத்தியவரும் அதே காமாதான் என்பதால் பீடம் அவருக்குப் பொருந்தாது. பீடம் காலியாக இருக்கிறதே என்று செங் ஹேயை ஏற்றிவைக்கவும் நான் சொல்ல மாட்டேன்; காலி நகரில் மும்மொழிக் கல்லை நிறுவிய அதே காலத்தில், இலங்கையின் ஆட்சியாளர் ஒருவரைப் போரிட்டுப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவரும் அவரே.

பெலேம் கோபுரத்தில் இந்தச் சுற்றுலா அதிக நேரம் செலவிடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அதன் மூலையொன்றில் தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை ஒன்று இருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515இல் லிஸ்பனில் வந்து இறங்கியதன் நினைவு என்று கருதப்படுகிறது. அந்த விலங்கைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது கப்பல் மூழ்கி இறந்தது. மாலிந்தி மாலுமிக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதலான நேரம் காண்டாமிருகத்துக்குக் கிடைத்தது. முடிவில் 1837 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற கடையின் முட்டைக்கிரீம் பேஸ்ட்ரியைச் சுடச்சுடத் தருகிறார்கள். மேலே தூவிக்கொள்ள இலவங்கப்பட்டைத் தூளும் உண்டு. ருசிக்கு முழு மதிப்பெண். அந்தத் தூளுக்காக இலங்கையின் கரையோரம் ஒன்றரை நூற்றாண்டு பட்ட பாட்டை அங்கே யாரும் நினைவுகூரவில்லை. பேஸ்ட்ரி தின்னும்போது அதை எதிர்பார்ப்பதும் சற்று அதிகம்தான்.

போர்ச்சுகீசியர்கள் எல்லோரும் இந்த மௌனத்தில் பங்கெடுக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் நினைவுச்சின்னத்தின் மீது, பணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கப்பல் ஓட்டியதைச் சாடும் வாசகம் பெரிய எழுத்துகளில் வண்ணத்தெளிப்பால் எழுதப்பட்டு, நாடு முழுவதும் விவாதமாயிற்று. அடிமைத்தனத்துக்குப் பலியானவர்களுக்கு லிஸ்பனில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று ஆப்பிரிக்க வழிவந்த குடிமக்களின் அமைப்பு முன்வைத்த திட்டம், 2017இல் மாநகராட்சியின் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் வாக்கெடுப்பால் தேர்வு பெற்றது. அந்த நகரத்தில் உயிரோடு இருக்கும் இந்த விவாதத்தைச் சுற்றுலா வணிகம் மட்டும் தன் வாசலுக்குள் விடுவதில்லை.

நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். கோவாவில் காமாவின் பெயரால் ஒரு நகரமே இருக்கிறது. அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு வரும் விரைவு ரயிலுக்கும் அந்தப் பெயர்தான். கோழிக்கோட்டுக்கு அருகே காப்பாட்டில், காமா இறங்கினார் என்று அறிவிக்கும் கல் நிற்கிறது. 1998இல் 500ஆம் ஆண்டைக் கொண்டாடலாமா என்ற கேள்வி எழுந்தபோது கேரளத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது; அந்த எதிர்ப்பில் 1502 பேசப்பட்டது. நம் பள்ளிப் பாடநூல்களில் அது இடம்பிடிக்காததால்தான், பெலேமின் புல்வெளியில் குழுவிலிருந்த இந்தியர்கள் சிலரும் வழிகாட்டியின் கதையைக் கேள்வியின்றித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கு இந்தச் சுற்றுலா உகந்தது என்று கேட்டால், லிஸ்பனில் அரை நாள் மட்டுமே கையில் உள்ளவர்களுக்கும், கடற்பயண நுட்பத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். நட்சத்திர உயரமானியைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வரலாற்றுக்காகச் செல்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு தாங்களாகவே நடப்பது மேல். மடாலயத்தின் மேற்குப் பகுதியிலேயே கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. காமாவின் பயணத்தில் கூடவே சென்றதாகச் சொல்லப்படும் ரஃபாயேல் தேவதூதரின் மரச்சிலை அங்கே காட்சிக்கு உள்ளது. சுற்றுலா அதற்குள் அழைத்துச் செல்வதில்லை என்பதால் தனியே நேரம் ஒதுக்க வேண்டும். மடாலயத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நினைவுச்சின்னத்தின் திடலில் நிழலே கிடையாது. கோடையில் செல்பவர்கள் அதைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கரை, கடற்கலை விளக்கத்துக்கு ஐந்து, வரலாற்றுக்கு ஒன்றரை. மொத்தத்தில் மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். சுற்றுலா முடிந்ததும் நிறுவனம் அனுப்பிய கருத்துப் படிவத்தில், பேஸ்ட்ரிக்கு ஒதுக்கிய நேரத்தில் கால் மணியை எடுத்துக் கமோயிஷின் பேழையருகே அந்த முதியவரின் பேச்சையும் 1502இன் கதையையும் சொல்லலாம் என்று எழுதி அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்றும், அடுத்த முன்பதிவில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்திருக்கிறது.